ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே: லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை எங்கெல்லாம் நிற்கலாம்?

பனங்கிழங்கு (ஸ்காபரோ):

வணக்கம் எல்லாருக்கும். ஓகஸ்ட் கடைசிக் கிழமை குடும்பமாக் கல்கரிக்கு வாறம். நான், இவர், மகள், மகன், என்ரை அம்மா. பிள்ளையள் ரெண்டு பேரும் நடக்கச் சொன்னா நடப்பினம். அம்மாவுக்கு எழுபது தாண்டிட்டுது, முழங்கால் நோ. சமதரையில ஆறுதலா நடப்பா, ஏற்றம் இறக்கம் எண்டால் ஏலாது. ஆனா பனியாற்றைக் கிட்ட நிண்டு பாக்க வேணும் எண்டு எங்கள் எல்லாரையும் விட அவவுக்குத்தான் கூட ஆசை.

திட்டம் இதுதான்: காலமை லேக் லூயிஸில இருந்து வெளிக்கிட்டு ரொக்கி மலைக்குள்ளால போற ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே றோட்டால ஜாஸ்பர் ஊருக்குப் போய், அண்டைக்கே திரும்பி வாறது. 232 கிலோமீட்டர்தானே. நான் எழுதி வைச்ச இடங்கள்: ஹெர்பர்ட் ஏரி, குரோஃபூட் பனியாறு, போ (Bow) ஏரி, பேட்டோ ஏரி, வாட்டர்ஃபவுல் ஏரிகள், மிஸ்டாயா கன்யன், வீப்பிங் வோல், பார்க்கர் ரிட்ஜ், அதபாஸ்கா பனியாறு, ஸ்கைவோக், டாங்கிள் அருவி, சன்வாப்டா அருவி, அதபாஸ்கா அருவி, ஐந்து ஏரிப் பள்ளத்தாக்கு. எதை விடலாம், எதை விடக்கூடாது? ஐஸுக்கு மேல பெரிய சில்லு வாகனத்தில கூட்டிக்கொண்டு போற சுற்றுலா காசுக்குப் பெறுமதியோ?

போ நதிக்கரை (கால்கரி):

வாங்க, வாங்க. முதல்ல ஒரே நாள்ல போய்த் திரும்பற யோசனையை விட்டுடுங்க. போக வர 460 கிலோமீட்டருக்கு மேல ஆகுது. வேக வரம்பு பெரும்பாலான இடத்துல 90தான். வழியில கரடி ஒண்ணு ரோட்டோரம் வந்தா முன்னாடி இருக்கிற பத்து காரும் நின்னுடும். பதினாலு இடத்தையும் ஒரே நாள்ல பார்த்தா, பார்த்த நேரத்தை விட பார்க்கிங் தேடின நேரம்தான் அதிகமா இருக்கும். அம்மாவுக்கு காருல ஏறி இறங்கி ஏறி இறங்கியே முழங்கால் வீங்கிடும்.

ரெண்டு நாளா பிரிச்சுக்கோங்க. ராத்திரி ஜாஸ்பர்ல தங்குங்க. பார்க்வேயிலேயே தங்கற இடங்கள் ரொம்பக் கொஞ்சம், ஓகஸ்ட்ல எப்பவோ நிரம்பிடும். மறுநாள் அதே வழியில திரும்பும்போது, முதல் நாள் விட்டதைப் பிடிக்கலாம். அதே ரோடுதான்னு சலிப்பு வராது. காலை வெளிச்சத்துல ஒரு மலை, மாலை வெளிச்சத்துல வேற மலை.

என் கணக்குல உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம் மூணுதான்: போ ஏரி, அதபாஸ்கா பனியாறு, அதபாஸ்கா அருவி. இந்த மூணுக்கும் தலா ஒண்ணரை மணி நேரமாவது கொடுங்க. மத்ததெல்லாம் போற போக்குல பார்க்கிங் கிடைச்சா இறங்கறது, கிடைக்கலேன்னா விடறது.

நடைமுறை விஷயம் சில:

லேக் லூயிஸ்லேயே டேங்க்கை நிரப்பிடுங்க. நடுவுல சஸ்காட்சுவான் ரிவர் கிராஸிங்ல மட்டும்தான் பெட்ரோல், விலையும் கூட. குளிர்காலத்துல அதுவும் மூடிடும்.

போன் சிக்னல் பெரும்பாலும் கிடையாது. வரைபடத்தை முன்னாடியே இறக்கி வெச்சுக்கோங்க.

பார்க்ஸ் கனடா (தேசியப் பூங்காத் துறை) பாஸ் வழக்கமா வேணும். பதினேழு வயசு வரைக்கும் பிள்ளைங்களுக்கு இலவசம்.

ஒளிவட்டம் (வான்கூவர்):

நதிக்கரை அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் பேட்டோ ஏரியைப் ‘போற போக்கில்’ என்று தள்ளியதை ஏற்க மாட்டேன். அந்த நீலத்தை அவ்வளவு உயரத்திலிருந்து, முழு ஏரியும் ஒரே பார்வையில் தெரியும்படி வேறெங்கும் பார்க்க முடியாது. பேட்டோவைப் பார்க்கும் இடமான போ சம்மிட்தான் இந்த சாலையின் மிக உயரமான இடம், 2,000 மீட்டருக்கு மேல். அங்கிருந்து கீழே பார்த்தால் ஏரி ஓநாய்த் தலை வடிவில் தெரியும். புதிதாகக் கட்டிய பார்வை மேடை 2021 முதல் திறந்திருக்கிறது, இடம் விசாலம்.

நேரம்தான் முக்கியம். அதிகாலையில் எல்லா ஏரிக்கும் போகச் சொல்வார்கள். போ ஏரிக்கு அது சரி, காற்று எழும்பும் முன்னால் தண்ணீர் அசையாமல் இருக்கும், குரோஃபூட் மலை அப்படியே தலைகீழாகத் தெரியும். பேட்டோவுக்கு மட்டும் வெயில் மேலே ஏறின பிறகு போங்கள். நிழலில் அந்த நிறம் மங்கித்தான் இருக்கும். ஆகவே காலை ஏழு மணிக்குப் போ ஏரி, அங்கேயே காலை உணவு, ஒன்பதரை, பத்துக்குப் பேட்டோ. பேருந்துகள் குவிவதும் அந்த நேரத்திலிருந்துதான் என்பதால் அதற்கு மேல் தாமதிக்க வேண்டாம்.

அம்மா விஷயத்தில் ஒன்று. கீழ் நிறுத்துமிடத்திலிருந்து மேடை வரை தார் போட்ட பாதைதான், ஆனால் ஏற்றம். அவரிடம் மாற்றுத்திறனாளர் வாகன அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள், மேல் நிறுத்துமிடம் வரை காரிலேயே போகலாம்.

சாரல் (எட்மன்டன்):

நாங்க எப்பவும் ஜாஸ்பர் பக்கமிருந்துதான் இறங்குவோம், அதனால வடக்குப் பக்கத்தைப் பத்தி நான் சொல்றேன்.

அதபாஸ்கா அருவி உயரத்துல பெரிசில்ல, 23 மீட்டர்தான். குற்றாலம் பார்த்தவங்களுக்கு அந்த உயரக் கணக்கைக் கேட்டா சாதாரணமாத் தோணும். நேர்ல நின்னா அப்படியில்லை. அகலமா வர்ற ஆறு முழுக்க ஒரு ஒடுக்கமான பாறை இடுக்குக்குள்ள நுழையணும், அந்த நெருக்கடியில வர்ற சத்தம் கால் வழியா ஏறும். மேல இருக்கிறது குவார்ட்ஸைட், கெட்டிப் பாறை. அடியில சுண்ணாம்புக் கல். மேலது தாங்கி நிக்க, அடியில இருக்கிறதைத் தண்ணி குடைஞ்சு குடைஞ்சு குழி பறிச்சிருக்கு. ஆறு பழைய காலத்துல ஓடி, பிறகு விட்டுட்டுப் போன வாய்க்கால் ஒண்ணு பக்கத்துலயே இருக்கு. ரெண்டு பக்கமும் வழவழன்னு தேய்ஞ்ச சுவர், நடுவுல படிக்கட்டு. பிள்ளைங்களை அதுல கீழ வரைக்கும் இறக்கிக் கூட்டிட்டுப் போங்க. சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க, எந்த உயரம் வரைக்கும் தண்ணி தேய்ச்சிருக்குன்னு அவங்களே கண்டுபிடிச்சிருவாங்க. அம்மா மேல இருக்கிற மேடையிலேயே நிக்கலாம், கார் நிறுத்தற இடத்துலேர்ந்து கிட்டதான்.

வேலியைத் தாண்டாதீங்க. சாரல்ல நனைஞ்ச பாறை வழுக்கும். படம் எடுக்கப் போய் விழுந்து உயிர் போனவங்க அங்க இருக்காங்க.

ஜாஸ்பர் பத்தியும் சொல்லணும். 2024 ஜூலை தீயில ஊர்க் கட்டடங்கள்ல மூணுல ஒரு பங்கு போயிடுச்சு. தெற்கேயிருந்து வரும்போது ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கருகின மரமா நிக்கும். பிள்ளைங்க கேட்பாங்க, முன்னாடியே சொல்லி வைங்க. கருகின காட்டுத் தரையில செந்நிறப் பூச்செடி முளைச்சுக் கிடக்கும், ஃபயர்வீட் அதுக்குப் பேரு. காத்தடிக்கும்போது அந்த மரங்களுக்குக் கீழ நிக்காதீங்க, செத்த மரம் சொல்லாமச் சாயும். ‘அங்க எதுக்குப் போகணும், எரிஞ்சு போச்சே’ன்னு ஜாஸ்பரை ஒதுக்கறவங்களைப் பார்த்தா எனக்கு வருத்தமா இருக்கு. அந்த ஊர் எழுந்து நிக்கறதே வந்து தங்கறவங்களாலதான். ராத்திரி அங்க தங்குங்க, சாப்பிடுங்க.

பனங்கிழங்கு:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாள் எண்டு இவரும் ஒத்துக்கொண்டிட்டார். இனி அந்த ஐஸ் சுற்றுலா பற்றி ஆராவது சொல்லுங்கோ. அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பக் கேக்கிறா.

கல்லும் மண்ணும் (சஸ்கட்டூன்):

நான் நீரியல் படிக்கிறேன். பனியாறுகள்தான் என் பாடம் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதபாஸ்கா பனியாறு, சாலையிலிருந்து கண்ணுக்கு எதிரே தெரியும் ஆறு கிலோமீட்டர் நீள ஐஸ் நாக்கு. அதற்கு மேலே, சாலையிலிருந்து தெரியாத உயரத்தில் கொலம்பியா ஐஸ்ஃபீல்ட் என்ற பனிவெளி பரந்து கிடக்கிறது. மேலே விழும் பனி ஆண்டுக்கணக்கில் அழுந்தி ஐஸாகி, தன் எடையாலேயே பள்ளத்தாக்கு வழியாக மெல்ல இறங்குகிறது. பனியாறு பின்வாங்குகிறது என்றால் ஐஸ் மேலே ஏறிப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஐஸ் எப்போதும் கீழ்நோக்கித்தான் நகர்கிறது. மேலிருந்து வந்து சேர்வதைவிட நுனியில் உருகுவது அதிகம், அதனால் நுனி பின்னால் போகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறது. இன்று ஐஸ்ஃபீல்ட் பயணிகள் மையத்துக்கு எதிரே நீங்கள் காரில் கடக்கும் கற்குவியல்களெல்லாம் பனியாறு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனவை.

பனியாற்றின் அருகே உள்ள நிறுத்துமிடத்திலிருந்து நுனியை நோக்கி ஒரு பாதை ஏறுகிறது. தூரம் குறைவு, ஆனால் சரளைக்கல், சில இடங்களில் செங்குத்து. வழியில் ஆண்டு எழுதிய பலகைகள் நட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டில் பனியாற்றின் நுனி நின்ற இடம் அது. 1982, அதற்கு மேலே 1992. வரைபடமோ காணொளியோ வேண்டாம், உங்கள் பிள்ளைகளை ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்கு நடக்கச் சொல்லுங்கள். 1992 பலகையில் நின்று மேலே பார்த்தால் ஐஸ் இன்னும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது புரியும். தரையில் குனிந்தும் பார்க்கச் சொல்லுங்கள். பாறைப் படுகையில் ஒரே திசையில் இணையாக ஓடும் கீறல்கள் இருக்கும், ஐஸின் அடியில் சிக்கிய கற்கள் இழுபட்டுப் போட்ட கோடுகள். விரலை வைத்தால் உணரலாம். பார்க்வேயில் ஒரே ஒரு இடம்தான் நிற்க நேரம் இருக்கிறது என்றால் நான் இந்தப் பாதையைத்தான் சொல்வேன், எந்த ஏரியையும் அல்ல.

கயிறு கட்டியிருக்கும் இடத்தைத் தாண்டி ஐஸின் மேல் ஏறாதீர்கள். மேலே பனி மூடிய பிளவு கண்ணுக்குத் தெரியாது. அதில் விழுந்தவர்களைத் தூக்குவதற்குள் குளிரிலேயே உயிர் போயிருக்கிறது, அவர்களில் குழந்தைகளும் உண்டு. ஐஸில் நடக்க ஆசை என்றால் வழிகாட்டியோடு, கால் கொக்கிகள் மாட்டிக்கொண்டு போகும் நடைப் பயணம் இருக்கிறது.

தாமிரபரணி (திருநெல்வேலி):

வணக்கம். ஊரிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். மகன் கால்கரியில் வேலையில் இருக்கிறான், டிசம்பரில் வரச் சொல்கிறான். ஒரு கேள்வி. பனியாறு உருகி அழிகிறது என்கிறீர்கள், அதன் மேலேயே தினமும் வண்டி ஓட்டுகிறார்களே, அது சரியா? அதற்குக் காசு கொடுத்துப் போவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

சாரல்:

ஐயா, உங்க கேள்வி நியாயம். ஆனா நான் வேற மாதிரி பார்க்கறேன். எங்க அப்பா ஊர்ல இருந்து வந்தப்போ அந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போனேன். நடக்க முடியாத ஒரு மனுஷன் ஐஸ் மேல காலை வெச்சு நிக்கறதுக்கு அதை விட்டா வழி கிடையாது. உருகற தண்ணி ஓடற சின்ன ஓடையில கையை விட்டு எடுத்தாரு. அங்கேயிருந்து நகர மனசே வரலை அவருக்கு. அந்த அம்மாவுக்கும் அது கிடைக்கட்டும்.

கல்லும் மண்ணும்:

தாமிரபரணி ஐயா, வண்டி ஓடும் தடம் ஐஸைப் பாதிக்கும், அது கண்ணாலேயே தெரியும். ஆனால் பனியாறு பின்வாங்குவதற்குக் காரணம் அதுவல்ல. வண்டி ஏறாத பனியாறுகளும் இதே மலைகளில் இதே போல் சுருங்குகின்றன. பேட்டோ பனியாற்றை 1960களிலிருந்து விடாமல் அளந்து வருகிறார்கள். அங்கே எந்தச் சுற்றுலா வண்டியும் கிடையாது, இழப்போ மிகப் பெரியது. கோடை நீள்கிறது, வெப்பம் ஏறுகிறது, காட்டுத்தீயின் கரி படிந்து ஐஸ் கறுக்கிறது. கறுத்த ஐஸ் வெயிலை அதிகம் வாங்கி விரைவாக உருகுகிறது.

ஆகவே என் கருத்து: நடக்க முடிந்தவர்கள் நுனிப் பாதைக்குப் போகட்டும், அல்லது வழிகாட்டியோடு ஐஸில் நடக்கட்டும். முழங்கால் நோவுள்ள அம்மா வண்டியில் போகட்டும். அதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை. முன்பதிவு செய்யும்போதே படி ஏறுவது பற்றிக் கேட்டுவிடுங்கள்.

ஸ்கைவோக் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2014இல் திறந்த கண்ணாடித் தளம், கீழே 280 மீட்டர் ஆழத்தில் சன்வாப்டா பள்ளத்தாக்கு. உயரம் பிடித்தவர்களுக்குச் சுகமாக இருக்கும். ஆனால் பனியாற்றைப் பார்ப்பதற்கான இடம் அதுவல்ல. அந்த ஒரு மணி நேரத்தைப் பார்க்கர் ரிட்ஜுக்குக் கொடுங்கள் என்பேன்.

போ நதிக்கரை:

பார்க்கர் ரிட்ஜுக்கு என் ஓட்டும் உண்டு. நடக்கறவங்களுக்கு மட்டும். ஒரு பக்கம் 2.7 கிலோமீட்டர், 250 மீட்டர் ஏத்தம், வளைஞ்சு வளைஞ்சு போற பாதை. மேல ஏறினதும் மறுபக்கம் சஸ்காட்சுவான் பனியாறு முழு நீளத்துக்கும் கீழ விரிஞ்சு கிடக்கும். ரோட்டுலேர்ந்து அது தெரியவே தெரியாது, ஏறினவங்களுக்கு மட்டும்தான். மேல காத்து அடிச்சுத் தள்ளும், ஓகஸ்ட்லயும் ஜாக்கெட் வேணும். பாதையை விட்டுக் குறுக்கே இறங்காதீங்க. அங்க செடியெல்லாம் விரல் உயரம்தான், ஒரு தடவை மிதிச்சா திரும்ப வளர வருஷக்கணக்காகும்.

தாமிரபரணி ஐயா, டிசம்பர்ல இந்த ரோடு அழகுதான். ஆனா நவம்பர் தொடங்கிட்டா குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். வாடகைக் கார்ல அது இருக்குதான்னு எழுத்துல உறுதிப்படுத்திக்கணும். நடுவுல பெட்ரோல் இல்ல, ஐஸ்ஃபீல்ட் மையம் மூடியிருக்கும், பகல் வெளிச்சம் எட்டு மணி நேரத்துக்கும் கம்மி. பனி சரியும் அபாயம் வந்தா ரோட்டையே மூடிடுவாங்க. மகனுக்குப் பனியில ஓட்டிப் பழக்கம் இருந்தா, நல்ல வானிலை பார்த்து போ ஏரி வரைக்கும் போய்த் திரும்புங்க. ஏரி உறைஞ்சு வெள்ளைத் தரையா கிடக்கும். முழு பார்க்வேயும் வேணும்னா ஜூலை, செப்டம்பர்ல வாங்க. மே மாசத்துலகூட இந்த ஏரிகள் உறைஞ்சுதான் இருக்கும், போ ஏரியில ஐஸ் முழுசா விலக ஜூன் ஆகிடும்.

பனங்கிழங்கு:

நல்லது. இன்னும் ரெண்டு கேள்வி. ஏரியள் ஏன் அந்த நிறம் எண்டு மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். மற்றது சாப்பாடு: நாங்கள் எல்லாம் மரக்கறி. வழியில ஏதும் கிடைக்குமோ?

கல்லும் மண்ணும்:

மகனிடம் இப்படிச் சொல்லுங்கள். பனியாறு நகரும்போது அடியில் கல்லோடு கல் உரசி மாவாகிறது. அவ்வளவு நுண்ணிய மாவு தண்ணீரில் அடியில் தங்காமல் மிதந்துகொண்டே இருக்கும். வெயில் படும்போது சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடுகிறது, நீலத்தையும் பச்சையையும் அந்த மாவு சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. மாவு அதிகமாக இருக்கும் இடத்தில், அதாவது ஐஸை விட்டு அப்போதுதான் வெளியே வந்த ஆற்றில், தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் போலச் சாம்பல் வெள்ளையாக இருக்கும். அதபாஸ்கா ஆற்றில் பார்க்கலாம். ஏரிக்குள் வந்து பெரிய துகள்கள் படிந்தபின் நுண்ணியவை மட்டும் மிஞ்சும்போதுதான் அந்த நீலம்.

ஹெர்பர்ட் ஏரியில் அந்த நிறம் இருக்காது. அதற்குப் பனியாற்றுத் தண்ணீர் வருவதில்லை. தண்ணீர் தெளிந்து, அடியில் கிடக்கும் மரம்கூடத் தெரியும். லேக் லூயிஸிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். அதைப் பார்த்துவிட்டு அரை மணியில் போ ஏரிக்குப் போனால் மகனுக்கே வித்தியாசம் விளங்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஐஸ்ஃபீல்டின் மேல் ஸ்னோ டோம் என்ற சிகரம் இருக்கிறது. அதன் உச்சியில் உருகும் தண்ணீர் மூன்று திசையில் பிரிகிறது. அதபாஸ்கா வழியாக மெக்கென்சி ஆற்றோடு சேர்ந்து ஆர்க்டிக் கடலுக்கு. கொலம்பியா ஆறு வழியாகப் பசிபிக்குக்கு. வட சஸ்காட்சுவான் வழியாக ஹட்சன் விரிகுடாவுக்கு.

சாரல்:

அந்த மூணாவது தண்ணியைத்தான் எட்மன்டன்ல நாங்க குடிக்கறோம். பார்க்கர் ரிட்ஜ் மேல நின்னு கீழ பார்க்கறீங்களே, அந்த சஸ்காட்சுவான் பனியாத்துலதான் வட சஸ்காட்சுவான் ஆறு தொடங்குது. எங்க பொண்ணுக்கு அங்க வெச்சுதான் சொன்னேன், வீட்டுக் குழாய்ல வர்ற தண்ணி இங்கேர்ந்து வருதுன்னு. நம்பவே மாட்டேன்னுட்டா. அப்புறம் வரைபடத்துல விரலை வெச்சு ஆத்தோட போக்குல எட்மன்டன் வரைக்கும் வந்தா.

கல்லும் மண்ணும்:

சரியான தகவல். கால்கரிக்குப் போ ஆறு. வருடம் முழுக்க ஓடும் தண்ணீரில் பனியாற்றின் பங்கு சிறியதுதான், பெரும்பகுதி குளிர்காலப் பனியும் மழையும். ஆனால் மலைப்பனியெல்லாம் கரைந்து முடிந்த ஓகஸ்ட், செப்டம்பரில், மழையில்லாத ஆண்டில், ஆறு வற்றாமல் காப்பது பனியாறு. ஐ.நா. 2025ஐப் பனியாறுகளைக் காக்கும் ஆண்டாக அறிவித்ததற்கு இது போன்ற காரணங்கள் உண்டு. இந்த நூற்றாண்டுக்குள் இந்த மலைகளின் பனியாறுகளில் பெரும்பகுதி போய்விடும் என்பதுதான் எங்கள் துறையில் பொதுவான கணிப்பு. அதனால்தான் பிள்ளைகளை நுனிப் பாதைக்குக் கூட்டிப் போங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். படத்துக்காக ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நிற்கிறவர்கள் பலகைகளைப் பத்து நிமிடத்தில் தாண்டிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

போ நதிக்கரை:

சாப்பாட்டுக்கு: கையோட கட்டிட்டு வாங்க. ஐஸ்ஃபீல்ட் மையத்துல ஏதாவது கிடைக்கும், ஆனா வரிசை, விலை, சைவத்துக்குத் தேர்வு குறைவு. கால்கரியில தமிழ்க் கடையில சாமான் வாங்கி, புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல் கட்டிக்கோங்க. பிளாஸ்க்ல தேநீர். போ ஏரிக் கரையில மேசை போட்டிருக்கும், அம்மாவை உட்கார வெச்சுட்டு நீங்க கரையோரம் நடக்கலாம். சமதரை.

சாப்பிட்டு முடிச்சதும் ஒரு பருக்கை விடாம எடுத்துட்டுப் போகணும். கரடி நாடு அது. அணில் வந்து கைக்கிட்ட நிக்கும், ஒண்ணும் போடாதீங்க, அபராதம் உண்டு. கரடிகிட்டேர்ந்து 100 மீட்டர், எல்க் மாதிரி மான் வகைகிட்டேர்ந்து 30 மீட்டர் தூரம் வேணும். ரோட்டோரம் கரடி தெரிஞ்சா காரை விட்டு இறங்கவே கூடாது. கரடி ஸ்பிரேயை விமானத்துல கொண்டு வர முடியாது. இங்க வந்து வாங்குங்க, இல்லைன்னா வாடகைக்கு எடுங்க.

போ ஏரியிலேர்ந்து போ பனியாற்று அருவிக்குப் போற பாதையை இணையத்துல பலரும் புகழ்ந்திருப்பாங்க. 2025 ஜூன்ல அங்க மலைச்சரிவு இடிஞ்சு விழுந்து ரெண்டு பேர் இறந்துட்டாங்க. போறதுக்கு முன்னாடி பார்க்ஸ் கனடா தளத்துல பாதை நிலவரம் பாருங்க. எதுக்குமே அதைப் பார்த்துட்டுப் போறதுதான் நல்லது, ஓகஸ்ட்ல காட்டுத்தீப் புகை வந்தா மலையே தெரியாது.

ஒளிவட்டம்:

மிஸ்டாயா கன்யன் பற்றி யாரும் பேசவில்லை. சாலையிலிருந்து கீழிறங்கும் சிறிய நடை, பாலத்தின் கீழே சுண்ணாம்புப் பாறையை ஆறு வளைத்து வளைத்துச் செதுக்கியிருக்கும். பேட்டோவில் நின்ற கூட்டத்தில் கால்பங்குகூட இங்கே இருக்காது. ஆனால் விளிம்பில் வேலி கிடையாது, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். திரும்பி வருவது ஏற்றம், ஆகையால் அம்மாவுக்கு வேண்டாம். வாட்டர்ஃபவுல் ஏரியில் காரை ஓரம் நிறுத்தி இறங்கினாலே போதும், எதிரே செஃப்ரன் மலை. அது அம்மாவுக்கு நல்ல இடம். டாங்கிள் அருவியும் சாலையை ஒட்டியே இருக்கிறது. நிறுத்துமிடம் எதிர்ப்பக்கம், சாலையைக் கடக்கும்போது மட்டும் கவனம்.

பனங்கிழங்கு:

போட்டு வந்திட்டம். உங்கள் எல்லாருக்கும் சொல்ல வேணும் எண்டுதான் வந்தனான்.

போ ஏரியில ஏழரைக்கு நிண்டம். அம்மா மேசையில தேத்தண்ணியோட இருந்தா. பேட்டோவுக்கு அட்டையை வைச்சு மேல வரைக்கும் கார் போச்சு, ஒளிவட்டம், உங்களுக்குப் பெரிய நன்றி. மிஸ்டாயா, ஸ்கைவோக், வீப்பிங் வோல், ஐந்து ஏரி எல்லாம் விட்டாச்சு. ஒரு கவலையும் இல்லை.

பனியாற்றில ரெண்டு பிரிவாப் போனம். இவரும் அம்மாவும் வண்டியில ஐஸுக்கு மேல. நானும் பிள்ளையளும் நுனிப் பாதையால. 1982 பலகையில மகள், ‘அம்மா, நீங்கள் பிறந்த ஆண்டு’ எண்டாள். அந்த இடத்தில இருந்து மேல பாத்தன். நான் பிறந்த நேரம் ஐஸ் இருந்த இடத்தில கல்லும் மண்ணும்தான் கிடக்குது. 1992க்குப் போக இன்னும் கனதூரம். அதுக்குப் பிறகும் ஐஸ் வரயில்லை. மகன் குனிஞ்சு கீறலுக்குள்ள விரலை வைச்சு எவ்வளவு நேரம் இருந்தான் தெரியுமோ. என்ரை பிள்ளையளுக்கு முன்னால எனக்குச் சொல்ல ஒண்டும் வரேல்லை, கோவம்தான் வந்தது. அண்டைக்கு இரவு ஜாஸ்பரில சாப்பாட்டு மேசையில அதைப் பற்றித்தான் பேசினம்.

அம்மா திரும்பி வரேக்க சப்பாத்து நனைஞ்சிருந்தது. ஐஸ் கறுப்பாயிருக்கு, ஏன் எண்டு கேட்டா. கரி படியிறதைப் பற்றி நீங்கள் எழுதினதை அவவுக்கு வாசிச்சுக் காட்டினன், கல்லும் மண்ணும்.

தாமிரபரணி:

படித்ததில் மனசு நிறைந்தது அம்மா. நானும் மனம் மாறிவிட்டேன், டிசம்பர் வேண்டாம். மகனிடம் அடுத்த ஜூலை என்று சொல்லிவிட்டேன். எனக்கும் அறுபத்தெட்டு வயது, ஆனால் முழங்கால் நன்றாக இருக்கிறது. நுனிப் பாதை, பார்க்கர் ரிட்ஜ் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எது?

கல்லும் மண்ணும்:

முதலில் நுனிப் பாதை. மூச்சு வாங்காமல் இறங்கி வந்துவிட்டீர்கள் என்றால் மறுநாள் காலை பார்க்கர் ரிட்ஜுக்குப் போங்கள். ஜூலை தொடக்கத்தில் அங்கே பாதையில் பனி கிடக்கும், அதனால் மாதத்தின் பிற்பாதியாகப் பார்த்துப் பயணச்சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். உயரமான இடம் என்பதால் மெதுவாக ஏறுங்கள். கைத்தடி ஒன்று கொண்டு வாருங்கள், இறங்கும்போது உதவும்.